பத்து மணிக்கு வாசல் திறப்பவர்களுக்கு

பூங்கா, விலங்குக் காட்சிசாலை, அருங்காட்சியகம், நீர்விளையாட்டுத் திடல் என்று கோடை விடுமுறையில் குடும்பங்கள் தேடி வரும் இடங்களை நடத்துகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் இரண்டு சின்னப் பிள்ளைகளின் அப்பா. மூத்தவளுக்கு நாலரை வயது, இளையவனுக்கு ஒன்றரை. போன கோடையில் ஒரு விலங்குக் காட்சிசாலைக்குப் போனோம். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே நடந்தது பெரும்பாலான இடங்களில் நடப்பதுதான்.

மூத்தவள் ஒரு வாரமாக ஒட்டகச்சிவிங்கி, ஒட்டகச்சிவிங்கி என்று அனத்திக்கொண்டிருந்தாள். அன்று காலை ஐந்தரைக்கே இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். (பள்ளி நாளில் எழுப்ப எழுப்பப் புரண்டு படுக்கிற பிள்ளைக்கு விடுமுறையில் மட்டும் எப்படித்தான் விழிப்பு வருகிறதோ.) ஏழு மணிக்கெல்லாம் குளித்து, சாப்பிட்டு, தொப்பி மாட்டித் தயார். உங்கள் வாசல் பத்து மணிக்குத்தான் திறக்கும். மூன்று மணி நேரம் வீட்டுக்குள் அவர்களை ஓட்டி, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி உள்ளே காலெடுத்து வைத்தபோது பத்தே முக்கால். பதினொன்றரைக்குச் சின்னவன் கண்ணைக் கசக்கினான். பன்னிரண்டுக்கு அழ ஆரம்பித்தான். பசி இல்லை, தண்ணீர் குடித்தாயிற்று, டயப்பரும் மாற்றியாயிற்று. தூக்கம், அவ்வளவுதான். வெளியே போய் எங்காவது குளிர்ச்சியான இடத்தில் இரண்டு மணி நேரம் படுக்க வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பி வரலாம் என்று வாசலுக்குப் போனோம். காவலர் நல்ல மனிதர். "வெளியே போனா போனதுதான் சார், திரும்ப வரணும்னா புதுச் சீட்டு வாங்கணும்" என்றார். அவர் போட்ட விதியா என்ன, அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சரி, காசு கொடுத்தாயிற்று, பார்த்துவிட்டே போவோம் என்று உள்ளேயே இருந்தோம். அது எங்கள் தப்பு. ஒரு மணிக்கு மூத்தவள் முகம் சிவந்து, பேச்சு குறைந்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவன் என் தோளில் வியர்வையோடு தூங்கிக்கொண்டிருந்தான். ஒட்டகச்சிவிங்கி இருக்கும் மூலைக்கு இன்னும் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். "அது தூங்கப் போயிடுச்சும்மா" என்று ஒரு பொய்யைச் சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். அவள் கேட்டாள்: "அதுக்கு மட்டும் தூங்க இடம் இருக்கா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கக்கூடும் என்றுதான் இந்த மடல்.

நீங்கள் விலங்குகளுக்குச் செய்து வைத்திருப்பதை நான் கவனித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடைப்பிலும் நிழல் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மனிதக் கண்ணுக்கு மறைந்து ஒதுங்கிக்கொள்ள ஓர் உள்ளறை இருக்கிறது. எப்போது தீனி, எப்போது ஓய்வு என்று ஒவ்வொன்றுக்கும் நேரக் கணக்கும் இருக்கிறது. ஒரு விலங்குக்கு அதன் உடம்பு சொல்கிற நேரப்படிதான் எல்லாம் நடக்க வேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு கால் குட்டிக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு என்பதைத்தான் நினைவுபடுத்த வந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை என்கிறது அது. இதில் பகல் தூக்கமும் சேர்த்தி. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கம் வருவது பெரும்பாலும் நண்பகலை ஒட்டி. ஆக, அதன் ஒரு நாள் நம்முடையதைப் போல நீளமான ஒற்றை நாள் கிடையாது. நடுவில் ஒரு தூக்கம் விழுந்து இரண்டாகப் பிரிந்த நாள். காலையில் நான்கைந்து மணி நேரம் உற்சாகம், அப்புறம் தூக்கம், பிறகு மாலையில் இன்னொரு சுற்று.

அதே உலக சுகாதார நிறுவனம் வெயிலைப் பற்றியும் சொல்கிறது: காலை 10 முதல் மாலை 4 வரை புற ஊதாக் கதிர் மிகக் கடுமையாக இருக்கும், அந்த நேரத்தில் வெயிலில் இருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று. கருவி எதுவும் இல்லாமல் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் உக்கிரமாக இருக்கிறது என்று அர்த்தம். என் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது தெருவில் போகிறவர்களின் நிழலையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறாள்.

இப்போது உங்கள் வாசலில் தொங்கும் பலகையைப் பாருங்கள். காலை 10 முதல் மாலை 5 வரை. எந்த ஆறு மணி நேரம் வெயிலில் இருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்களோ, அதே ஆறு மணி நேரம் மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள், கடைசியில் ஒரு மணி நேரம் கொசுறு. எந்த நேரத்தில் பிள்ளை துள்ளிக் குதிக்கிறதோ அப்போது பூட்டு. யாரோ எப்போதோ அலுவலக நேரத்தைப் பார்த்து வைத்த நேரமாகத்தான் இருக்க வேண்டும், கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் கோடையிலும் அதுவே தொடர வேண்டுமா?

நான் கேட்பது இரண்டே விஷயம். கோடை மாதங்களில் மட்டுமாவது காலை ஏழு மணிக்குத் திறங்கள். அது முடியாது என்றால், ஒரு முறை வாங்கிய சீட்டில் அன்றைக்குள் வெளியே போய்த் திரும்பி வர அனுமதியுங்கள். மீதி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

திரும்ப விட்டால் ஒருவர் சீட்டில் இன்னொருவர் நுழைந்துவிடுவார் என்பீர்கள். மணிக்கட்டில் ஒட்டும் காகிதப் பட்டை ஒன்று போதும். கழற்றினால் கிழிந்துவிடும், அடுத்தவர் கைக்குப் போகாது. காலையிலேயே திறந்தால் ஆட்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பீர்கள். மொத்த நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை. நடுப்பகலில் மூன்று மணி நேரம் மூடிவிட்டு, காலையிலும் மாலையிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது மூட வேண்டாம், கூரைக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் திறந்து வைக்கலாம். உச்சி வெயிலில் டிக்கெட் கிழிக்கிறவரும் பாதை பெருக்குகிறவரும்கூட உங்களை வாழ்த்துவார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது எங்கள் பக்கத்துக் குறை. வெளியே போனால் செத்துவிடுகிற சீட்டு பெற்றோரைப் பேராசைக்காரர்களாக்கிவிடுகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும், போட்ட காசை எடுத்துவிட வேண்டும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். பிள்ளை ஒரு மூலையில் எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றால் நமக்குப் பொறுப்பதில்லை. திரும்பி வரலாம் என்று தெரிந்தால் அந்த அவசரம் பாதியாகக் குறையும். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறது. அந்தப் பிரிவைப் படித்தால், விளையாட்டுக்கு முன்னால் 'ஓய்வு' என்ற சொல்தான் வருகிறது.

வெயிலில் பிள்ளை ஏன் சீக்கிரம் சோர்கிறது என்பது கொஞ்சம் விளக்கப்பட வேண்டியது, ஏனென்றால் பலர் இதைச் செல்லச் சிணுங்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். எடையோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தைக்குத் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். அதனால் சுற்றியுள்ள காற்று உடம்பைவிடச் சூடாகும்போது அது வெப்பத்தை நம்மைவிட வேகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. வியர்ப்பதும் குறைவு. தாகம் என்று சொல்லத் தெரியாது, சொல்லத் தெரிந்தவளும் விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிடுவாள். போதாததற்கு, இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் 87 செ.மீ. அளவுதான். எங்கள் முகத்துக்கும் கொதிக்கிற தரைக்கும் நடுவே இருக்கும் தூரத்தில் பாதிதான் அதற்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையை நேரடி வெயிலிலேயே காட்ட வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள்.

தள்ளுவண்டியில் வைத்து மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மூடிவிட்டால் நிழலாயிற்று என்று நாங்களும் நினைத்திருந்தோம். சிட்னி பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். உலர்ந்த துணியால் மூடினால் வண்டிக்குள் வெப்பம் கூடுகிறது. அதே துணியை நனைத்துப் போட்டால் கிட்டத்தட்ட 5 டிகிரி குறைகிறது. அப்படியானால் துணியை நனைக்க ஒரு குழாய் வேண்டுமே? உங்கள் வளாகத்தில் எத்தனை குழாய்கள், அவற்றில் எத்தனை பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன என்று ஒரு நாள் நடந்து எண்ணிப் பாருங்கள். நான் போன இடத்தில் இரண்டு. ஒன்று வேலை செய்தது.

அப்புறம், சொல்லவே தயக்கமாக இருக்கிற ஒன்று. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற இடத்தில் சில குடும்பங்கள் என்ன செய்கின்றன தெரியுமா? ஒருவர் மூத்த பிள்ளையோடு உள்ளே இருக்க, இன்னொருவர் தூங்கும் குழந்தையோடு வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்காருகிறார். ஏசி ஓடுகிற வரைக்கும் சரி. "இரண்டே நிமிடம், சீட்டுக் கவுன்ட்டர் வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று இறங்கும்போதுதான் ஆபத்து. 2005-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்றில், வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாளிலும் மூடிய காருக்குள் வெப்பம் 47 டிகிரி வரை போனது. ஏறும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 37 பிள்ளைகள் இப்படிச் சாகிறார்கள். காரில் பிள்ளையைத் தனியாக விடுவது பெற்றோரின் பொறுப்பற்ற செயல்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் குழந்தையைப் படுக்க வைக்கக் காரைவிட நல்ல இடம் ஒன்று உங்கள் வேலிக்கு உள்ளே இருந்திருந்தால் அந்தக் குடும்பம் நிறுத்துமிடத்துக்கே போயிருக்காது.

அதற்கு ஏசி மண்டபம் கட்டச் சொல்லவில்லை. ஒரு நல்ல மரத்தடி போதும். நிழலில் இருக்கும் தரையும் சுவரும் வெயிலில் காயும் அதே பொருட்களைவிட 11 முதல் 25 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. மரம் நிழல் மட்டுமா தருகிறது, இலை வழியே நீராவியை விட்டுக் காற்றையும் தணிக்கிறது. ஆனால் நீங்கள் மரத்தைச் சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாக நட்டு, விளையாட்டுச் சாமான்களைப் பொட்டல் நடுவில் வைக்கிறீர்கள். உலோகச் சறுக்குமரம் பதினொரு மணிக்குத் தோசைக்கல்லாகக் காய்கிறது. அதன் கீழே விழுந்தால் அடிபடாதிருக்க விரித்த கறுப்பு ரப்பர் தரை அதைவிட மோசம். செயற்கைப் புல்லும் அப்படித்தான், பார்வைக்குத்தான் பச்சை. சறுக்குமரத்தை இடம் மாற்ற முடியாவிட்டால் அதன் மேல் ஒரு நிழல் துணியாவது கட்டுங்கள். கட்டும்போது மட்டும் ஒன்று: நண்பகலில் நிழல் எங்கே விழுகிறது என்று நின்று பார்த்துக் கட்டுங்கள். நான் பார்த்த ஒரு பூங்காவில் கூரை இருந்தது, அதன் நிழல் முழுக்கப் பக்கத்துப் பூச்செடிகள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

நிழலுக்குக் கீழே உட்கார இடம் வேண்டும். இதைச் சொல்லி நூறாண்டுக்கு மேலாகிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப் பொருட்களைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து, எக்கி, வளைய வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டி, 1916-இல் 'அருங்காட்சியகச் சோர்வு' என்று அதற்குப் பெயரே வைத்தார். அவர் பேசியது வளர்ந்த மனிதரின் சோர்வை. ஒரு கையில் பிள்ளை, மறு தோளில் பை, முதுகில் தண்ணீர் என்று வருகிறவரை அவர் படம் எடுக்கவில்லை.

இருக்கை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947-இலிருந்து சுமார் முப்பது ஆண்டுகளில் அந்த நகரத்துக்காக எழுநூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். பலவும் தெருமுனைகளிலும் காலி மனைகளிலும் அமைந்த சின்னஞ்சிறு இடங்கள். அவருடைய மணல் குழிகளுக்கு அகலமான சிமெண்ட் விளிம்பு இருக்கும். பிள்ளைக்கு அது மணல் வீடு கட்டும் மேடை, பெற்றோருக்கு அதுவே திண்ணை. பிள்ளைக்கும் நமக்கும் நடுவே வேலி கிடையாது, கை நீட்டினால் எட்டும் தூரம். பல பூங்காக்களில் பெஞ்ச் போட்டிருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. அது பாதையைப் பார்த்து இருக்கிறது, பிள்ளை முதுகுப் பக்கம் விளையாடுகிறது.

கழிவறையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. டயப்பர் மாற்றும் பலகையைப் பெண்கள் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிவறையிலும் அது இருக்க வேண்டும் என்று 2016-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நான் என் பையனுக்கு டயப்பர் மாற்றாத இடம் இல்லை: காரின் பின் இருக்கை, புல்தரை, ஒரு முறை மூடியிருந்த சீட்டுக் கவுன்ட்டரின் திண்டு. அந்தக் கவுன்ட்டர் உங்களுடையதாக இருந்தால் மன்னிக்கவும்.

நீர்விளையாட்டுத் திடல் நடத்துகிறவர்களிடம் மட்டும் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். உங்களிடம் கூட்டம் உச்சத்துக்கு வருவது மதியம். உயிர்காப்பாளரும் அந்த நேரத்தில்தான் வெயிலில் காய்ந்து களைத்திருப்பார், பெற்றோருக்கும் கண் சொருகும். நீரில் மூழ்குவது திரைப்படத்தில் காட்டுவதுபோல் கையை ஆட்டிக் கூச்சலிட்டு நடப்பதில்லை. சின்னப் பிள்ளை சத்தமே இல்லாமல், முழங்கால் ஆழத்தில், ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை. எனவே ஆழமில்லாத குட்டைக்கு ஆள் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். அங்கேயும் ஒருவரை நிறுத்துங்கள், அவருக்குக் குடையும் அரை மணிக்கு ஒரு மாற்று ஆளும் கொடுங்கள். பெரியவர்களுக்கான குளத்திலிருந்து அதைத் தாழிடும் கதவோடு பிரித்து வையுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை உங்கள் ஆள் தைரியமாகத் தட்டி எழுப்பட்டும். அந்த அப்பா நானாக இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாக ஒரு ராட்டினமோ, பேசும் டைனோசரோ வாங்க இந்த ஆண்டு பணம் ஒதுக்கியிருப்பீர்கள். நாலரை வயதுக்காரி அதைப் பார்த்துக் கத்துவாள், ஒன்றரை வயதுக்காரன் பயந்து அழுவான், இரண்டுமே ஐந்து நிமிடம். நான் கேட்கிற எதற்கும் அந்த அளவு செலவில்லை. காகிதப் பட்டை, நாலு குழாய், ஒரு பலகை, கொஞ்சம் நிழல் துணி. வாசலைச் சீக்கிரம் திறப்பதற்குச் சாவியைத் தவிர வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பணிநேர அட்டவணையை மாற்றுவது எவ்வளவு தலைவலி என்று எனக்கும் தெரியும், நானும் வேலை பார்க்கிறவன்தான்.

அதனால் எல்லா நாளும் வேண்டாம். வரும் கோடையில் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் ஏழு மணிக்குத் திறந்து பாருங்கள். யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள், எத்தனை பேர் மாலையில் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டம் வராவிட்டால் பழைய நேரத்துக்கே போய்விடலாம். தேதியை மட்டும் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள், பக்கத்திலேயே ஒட்டகச்சிவிங்கி எத்தனை மணிக்கு வெளியே வரும் என்பதையும். வீட்டில் ஒருத்தி அது இன்னும் தூங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா